ஒரு சொட்டுக்கூட ஒழுகாத சைடு கார்

என் பேமானி தோஸ்து அருளப்பனுக்கு, உன்மேல் இன்னும் கோபம் தீராத காதர் எழுதுவது.

வண்டி கிளம்பிவிட்டதுடா! இன்று காலை, உன் வீட்டு முற்றத்தில். முதல் உதைக்கு இருமியது. அடுத்த உதைக்கு எகிறி என் கெண்டைக்காலிலேயே அடித்தது. நீ ஹார்பரில் சரக்குத் தூக்குகிற விஞ்சு மக்கர் பண்ணும்போது சொல்வாயே ஒரு கெட்ட வார்த்தை, அதைச் சொல்லி இன்னொரு உதை விட்டேன். பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்க நீலப் புகை. அடுப்படியிலிருந்து உன் அம்மா, "வூட்ட கொளுத்திகினு கீறியா, இன்னாடா பண்றே?" என்று கூச்சல் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதிலென்ன.

நம் கதை தெரியாத யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்களே, அப்போது நாம் கூட்டாக ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தோம். காயம்பட்ட சிப்பாயைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற சைடு கார் பூட்டியது. வாங்கும்போது அதில் பாதி துரு, மீதி பச்சைப் பெயின்ட். கைவண்டியில் ஏற்றி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ராயபுரம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். உனக்கு இயந்திரம் தெரியும். எனக்கு, வண்ணாரப்பேட்டையில் மாமாவின் பழைய இரும்புக்கடையில் எந்தக் குவியலுக்கு அடியில் எது கிடக்கிறதென்று தெரியும். இது போதாதா என்றாய்.

இந்த வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுவது, முதலில் நாகூரும் வேளாங்கண்ணியும் என்று முடிவு செய்தாய். எனக்கு தர்கா, உனக்கு மாதா கோயில், ஒரே பயணத்தில் இரண்டு பேர் வேலையும் முடிந்துவிடும் என்று உனக்குக் கணக்கு. பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த உன் அம்மா தலையைத் தூக்கி, "நா மட்டும் இன்னாடா பாவம் பண்ணேன்? என்னியும் இட்டுகினு போங்க" என்றார். அன்றைக்கே சிப்பாய் படுக்கிற இரும்புச் சட்டத்தைக் கழற்றி எறிந்தாய். அந்த இடத்தில் அம்மா சாய்ந்து உட்கார்ந்து வருகிற மாதிரி ஒரு கூடு கட்ட வேண்டும் என்றாய்.

எஞ்சினைக் கூடத்தில் பிரித்துப் போட்டோம். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைக்க உனக்கு வேறு பாத்திரமே கிடைக்கவில்லை, அம்மாவின் மீன் குழம்புச் சட்டிதான் கிடைத்தது. அன்றைக்கு அவர் நம்மைத் துரத்திய துரத்தலில் நான் கொருக்குப்பேட்டை ரயில் கேட் தாண்டித்தான் நின்றேன். இன்றைக்கும் அந்தச் சட்டியைக் காட்டித் திட்டுகிறார். உன் பங்குத் திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு வேலை செய்தாயே. மழைக் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. கடைசியாக நான் வந்தபோது கண்ணைத் திறந்து, "செயினுக்கு எண்ண வுட்டியாடா?" என்று கேட்டாய். ஏண்டா, அதுவா கேட்கிற கேள்வி? ஒரு மனுஷன் போகிற நேரத்தில் சிநேகிதனிடம் உருப்படியாக ஏதாவது சொல்லக்கூடாதா? விட்டேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனாய். அவ்வளவுதான்.

நீ படுத்திருந்தபோது அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது உனக்குத் தெரியுமா? பிள்ளை பிழைத்தால் வந்து முழங்காலில் நடப்பதாக வேண்டியிருந்தார். உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கு மாதா படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவத்தியை விரலால் அணைத்தார். அதற்குப் பிறகு ஏற்றவில்லை. பூசைக்குப் போகவில்லை. மெல்ல மெல்ல கடைக்கு, கடற்கரைக்கு, எங்குமே போகவில்லை. வாசற்படி தாண்டாத பொம்பளையாக ஆகிவிட்டார். ராயபுரம் மீன் ஏலத்தில் ஆம்பளைகளையே அதட்டுகிற குரல், வீட்டுக்குள் உப்பு கேட்கக்கூட எழும்பவில்லை. அவரும் உன் பின்னாலேயே போய்விடுவாரோ என்று எனக்கு உள்ளூர பயம் வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போனேன். "இந்த இரும்ப இன்னாத்துக்கு இங்க போட்டு வெச்சிகினு கீறே? எட்துகினு போ நைனா" என்றார். வண்டியை இங்கேயே சரிசெய்கிறேன், முடிந்ததும் உங்களை வைத்து ஓட்டுகிறேன் என்றேன். "இன்னா வேணா பண்ணு. என்ன மட்டும் குந்த சொல்லாத. நா கேட்டத அவ குடுக்கல. அப்பால நா இன்னாத்துக்கு அவ வாசலுக்கு போவணும்?" இதற்கு உன்னிடமாவது பதில் இருந்திருக்குமா?

நான் விடவில்லை. வண்டி அந்த முற்றத்தில் இருக்கிறவரைக்கும் தினமும் நான் அங்கே போக ஒரு சாக்கு இருக்கிறதே! கடையில் தேடித் தேடி கியர் பெட்டிக்கு நல்ல பேரிங் எடுத்தேன். உடைந்த லாரி ஒன்றிலிருந்து பெரிய விளக்கைக் கழற்றி முன்னால் மாட்டினேன். நீ பார்த்தால் ரயில் எஞ்சின் என்பாய். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கை மாற்றினேன். பெரியமேடு வரை போய்த் தோல் வாங்கிவந்து உறை தைத்தேன். தொலைதூரம் போகிற வண்டி, முதுகு தாங்க வேண்டாமா?

சைடு கார் கூட்டைத்தான் எனக்குக் கட்டத் தெரியவில்லை. உன் பெரியப்பா அந்தோணியிடம் போனேன். படகு கட்டுகிற மனுஷனிடம் சைடு கார் கட்டச் சொன்னால் அவர் என்ன கட்டுவார்? படகுதான் கட்டினார். ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இடுக்கில் நாரை வைத்து இறுக்கி, மேலே சுறா எண்ணெய் பூசிவிட்டார். முன்பக்கம் மூக்கு வேறு. அப்படியே கடலில் தள்ளினால் மீன் பிடித்துக்கொண்டு வரும். வெயில் ஏற ஏற எண்ணெய் நாற ஆரம்பித்தது. ராயபுரத்துப் பூனைகளெல்லாம் உன் வீட்டு மதில்மேல் வந்து உட்கார்ந்துவிட்டன.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய மழை. மறுநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், சைடு கார் விளிம்புவரை தண்ணீர். பாரம் தாங்காமல் வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல். பெரியப்பாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. படகு கட்டி முடித்தால் உள்ளே தண்ணீர் ஊற்றித்தான் அவர்கள் சோதனை பார்ப்பார்களாம். "ஒரு சொட்டு ஒழுவுதா பாரு! எங்கயாவது ஒழுவுதா சொல்லு!" என்று பலகையைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார்.

"பெரியப்பா, இது ரோட்டுல ஓடுற வண்டி. தண்ணி வெளிய போவ அடியில ஒரு ஓட்ட போடணும்" என்றேன்.

அவ்வளவுதான். "இன்னா சொன்னே? ஓட்டையா? பொறந்ததுலேந்து படகு கட்டிகினு கீறேன், என் கையால படகுக்கு ஓட்ட போட சொல்றியா? கயித, ஓட்ட படகுல எவனாவது பொம்பளய ஏத்துவானா?"

"ரோட்டுல எப்படி முழுகும் பெரியப்பா?"

"அத்தெல்லாம் எனக்கு தெரியாது. என் சாதியில எவனும் பண்ணமாட்டான்."

எனக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் துளை போடுகிற துறப்பணத்தை எடுக்க, அவர் என் கையைப் பிடிக்க, தெருவே எட்டிப் பார்க்கிறது. அப்போது உன் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு குவளையோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்க்கக்கூட இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று சைடு காருக்குள் ஏறி, முழங்கால் தண்ணீரில் நின்று இறைக்க ஆரம்பித்தார். குவளை குவளையாக மொண்டு வெளியே எறிகிறார். எங்கள் மேலேயே எறிகிறார். "ரெண்டு கெழங்களும் சண்ட போட்டுகினே இருங்க. தண்ணி தானா போயிடும். அந்த காலத்துல அருளு அப்பன் படகுல இத்தான எனக்கு வேல."

என்னைக் கிழம் என்றதைக் கவனித்தாயா? போகட்டும். இறைத்து முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். உன்னை அடக்கம் செய்த நாளில்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கையில் துறப்பணத்தோடு நின்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது எந்தப் பக்கமா போவும் காதரு?" என்று கேட்டார்.

சொன்னேன். பாண்டிச்சேரிப் பக்கம் போனால் பிரெஞ்சுக்காரன் சோதனை என்று நிறுத்திவைப்பான், அதனால் திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாக என்றேன். நீ தரையில் கரிக்கட்டியால் போட்டுக் காட்டிய அதே வழி. ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"நா வரேன். அவள பாக்க வர்ல, சொல்ட்டேன். என் புள்ள போவணும் போவணும்னு சொல்லிகினு இருந்தானே, அந்த ரோட்ட பாக்க வரேன்."

பெரியப்பா என் கையிலிருந்த துறப்பணத்தைப் பிடுங்கினார். நெற்றியில், மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி தானே ஓட்டை போட்டார். "தம்பி பொண்டாட்டி ஈரத்துல குந்திகினு போவணுமா?" என்று முணுமுணுத்தார். இன்றுவரை அந்த வண்டியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இன்று எஞ்சின் கிளம்பியதும் எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது, சைடு காரைப் பிடித்திருக்கிற கம்பியைக் கொஞ்சம் முறுக்க வேண்டும். அம்மா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். திருவொற்றியூரில் எருமை குறுக்கே வந்தபோது நான் ஹாரன் அடிக்குமுன்னே அவர் ஒரு குரல் கொடுத்தார் பார், எருமை பயந்து ஓடியது. அந்தக் குரல் திரும்பி வந்துவிட்டதடா.

எண்ணூர்க் கழிமுகத்தில் நிறுத்தினோம். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்: "நாகூர்ல நீ உள்ள போவியா?"

"போவேன்."

"நானும் உன்னோட வரேன். ஆனா வேளாங்கண்ணில நா வாசலோட நின்னுக்குவேன். நீ உள்ள போ காதரு. போயி அவகிட்ட கேளு. நீயும் ஒரு புள்ளய மடியில போட்டு அழுதவதானே, என் புள்ளய ஏன் குடுக்கலன்னு கேளு. என்னால கேக்க முடியல நைனா. நீ கேளு."

சரி என்றேன். வேறென்ன சொல்வேன்? விடிந்ததும் கிளம்புகிறோம். சத்தியமாகச் சொல்கிறேன் அருளு, எனக்கு உங்கள் ஜெபம் தெரியாது, அங்கே எப்படி நிற்பது என்றும் தெரியாது. ஆனால் உள்ளே போவேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும், வாசலில் நிற்கிற உன் அம்மாவின் கையைப் பிடித்து வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா 'நைனா' என்று கூப்பிட இங்கே மிச்சமிருக்கிற ஒருத்தன்,
காதர்