அத்தானுக்குக் கிடைத்த பதினோரு விநாடி

மார்ச் 3

கடைவாய்ப் பல் மறுபடியும் வலி. அக்கா போனில், "வீட்டுலயே டாக்டரை வச்சுக்கிட்டு ஏண்டி அவதிப்படுறே?" என்றாள். அவள் கணவர் பல் டாக்டர். அத்தானிடம் நான் வாயைத் திறந்தால் அவரும் திறப்பார், புதிதாக வாங்கிய தொலைநோக்கியைப் பற்றி. அதற்கு இந்த வலியே தேவலை.

மார்ச் 9

இருபத்தாறாம் தேதி மாலை ஏழு நாற்பதுக்கு, நெப்டியூனுக்கும் அப்பால் சுற்றும் என் பனிக்கட்டி உருண்டை ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. சில விநாடிகள்தான். நிழல் விழும் பாதையில் நிற்பவர்களுக்கு மட்டும் நட்சத்திரம் அணைந்து மறுபடி எரியும். எவ்வளவு நேரம் அணைந்தது என்று தெரிந்தால் உருண்டையின் அகலம் தெரியும். ஆறு வருஷ உழைப்பு. இதை விட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பதினாலு வருஷம்.

பாதைக் கணக்கு என்னுடையது. "யாரையாவது ஒரு தடவை சரிபாக்கச் சொல்லட்டுமா?" என்றார் எங்கள் வானாய்வு மைய இயக்குநர். யாரை? சதவீதம் போடக் கால்குலேட்டர் தேடுகிறவர்களையா? வேண்டாம் என்றேன்.

மார்ச் 12

அக்கா: "அவரையும் சேத்துக்கோடி. பாவம், ஆசைப்படுறார்."

எனக்கும்தான் பல் பிடுங்க ஆசை. விடுவாரா?

மார்ச் 13

அத்தானை நிழல் பாதைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே போகச் சொல்லிவிட்டேன். "பாதைக்கு வெளியில எதுவும் மறையலைன்னு ஒருத்தர் உறுதி பண்ணணும் அத்தான், ரொம்ப முக்கியமான இடம்." மண்டையை மண்டையை ஆட்டினார். கிளினிக்கை இரண்டு நாள் மூடிவிட்டுக் காரில் போகிறாராம்! தொல்லை விட்டது. அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 26

ஒன்றுமில்லை. பாதை நெடுக ஆறு தொலைநோக்கி, ஒன்றிலும் இல்லை. நடுமையத்தில் உட்கார்ந்திருந்தது நான். ஏழு நாற்பது — ஏழு ஐம்பது — எட்டு. நட்சத்திரம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சே!

மார்ச் 27

அத்தான் வீடியோ அனுப்பியிருக்கிறார். பதினோரு விநாடி நட்சத்திரத்தைக் காணோமாம். மேகமாக இருக்கும். இல்லாவிட்டால் அவர் தொப்பை இடித்திருக்கும். திறந்து பார்க்கவில்லை.

மார்ச் 28

திறந்தேன். அதே படத்தில் பக்கத்து நட்சத்திரங்கள் நாலும் அப்படியே இருக்கின்றன. இது மட்டும் பட்டென்று அணைகிறது, பதினோரு விநாடி கழித்துப் பட்டென்று எரிகிறது. நேரமும் செயற்கைக்கோளிலிருந்து எடுத்தது, இம்மி பிசகாது. குறை சொல்ல ஒன்றுகூட விடவில்லையே இந்த மனுஷன்!

அப்படியென்றால் தப்பு எங்கே?

அதே நாள், மாலை

என்னிடம். நட்சத்திரமும் நகரும். நான் நட்சத்திரப் பட்டியலிலிருந்து எடுத்த இடம் ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அந்த ஒன்பது வருஷ நகர்வைக் கூட்டவே இல்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைச் செய்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். இப்போது கூட்டினேன். நிழல் ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே இறங்கியது, அத்தான் நின்ற இடத்தின் மேலேயே.

பெரிய மேதாவி! எனக்கெல்லாம் எதுக்கு இந்த வாய்?

மார்ச் 30

இயக்குநர் கை குலுக்கினார். "தெக்கே ஒருத்தரை நிறுத்தினீங்க பாருங்க, அதான் அனுபவம்!" எல்லாம் மச்சினியின் முன்யோசனை என்று அத்தானே அவரிடம் சொன்னாராம். மறுத்திருக்கலாம். பல் வலியைச் சாக்கு வைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூ.

ஏப்ரல் 2

இயக்குநருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: பிழை என்னுடையது, முன்யோசனை என்று எதுவும் இல்லை. கட்டுரையில் முதல் பெயர் அத்தானுடையது.

பிறகு அவர் கிளினிக்குக்குப் போனேன். பஞ்சோடு வந்த கையைத் தள்ளிவிட்டுச் சொன்னேன்: "உங்களைக் கழட்டி விடத்தான் அங்க அனுப்பினேன் அத்தான்."

"தெரியும்மா. உங்கக்கா அன்னிக்கே சொல்லிட்டா."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"நட்சத்திரம் அங்கயும் தெரியுமே" என்றார். விளக்கை என் முகத்துக்கு நேராக இழுத்தார். "இன்னும் கொஞ்சம் பெரிசா திற."

திறந்தேன்.