உன் போனிலிருந்து நான் போட்ட பதில்கள்

என் புனிதா அக்காவுக்கு,

உன்னை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வந்தால், மச்சான் போனில் ஓர் இரங்கல் செய்தி காத்திருந்தது. அந்த வாடகைத்தாய் ஏஜென்சி கோஆர்டினேட்டர்தான். மேலே "உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம்", கீழே ஒரு பில். குழந்தையின் தாய் இறந்துவிட்டதால் வக்கீல் பேப்பர்களைத் திருத்தணுமாம், அதற்குத் தனிக் கட்டணமாம். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை கேட்டிருக்கிறேன். அழுதுவிட்டு ஓநாய் பில் கொடுத்ததை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஷார்ஜா காபி ஷாப்பில் அவன் உட்கார்ந்திருந்த தோரணை ஞாபகம் இருக்கா? உன்னை 'டியர்' என்றான், மச்சானை 'பாஸ்' என்றான். முதல் பிரசவத்தில் பிள்ளையையும் கர்ப்பப்பையையும் சேர்த்துப் பறிகொடுத்துவிட்டு, யார் வீட்டு வளைகாப்புக்கும் போகாமல் இருந்தவள் நீ. அது தெரிந்துதான் பேசினான். நம்ம நாட்டில் காசுக்குச் சுமக்கக் கூடாதுன்னு சட்டம், இங்கேயும் வழியில்லை, அதனால் வேறொரு நாட்டில் ஒரு பெண் உங்கள் கருவைச் சுமப்பாள், எல்லாம் சேர்த்து ஒரே தொகை, கேரண்டி என்றான்.

எல்லாம் சேர்த்து என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்தது. துபாய் டேராவில் வாடகைக் கார் ஆபீஸில் உட்கார்ந்து நானும் அதைத்தானே தினமும் சொல்கிறேன்? போர்டில் ஒரு வாடகை, சாவி கைமாறியதும் இன்சூரன்ஸ், டோல், டெபாசிட். என் தொழில்காரனை எனக்குத் தெரியாதா? ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

முதல் தடவை கரு தங்கவில்லை. கேரண்டி என்றால் மறுபடி முயற்சி செய்வதற்குத்தான் கேரண்டியாம், மருந்தும் லேப் செலவும் உங்கள் பாடாம். ரெண்டாம் தடவை தங்கியதும் பில் ஒவ்வொன்றாக வந்தது. சுமக்கிறவளுக்கு இன்சூரன்ஸ், ஆபரேஷன் என்றால் கூடுதல், குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் நாள் கணக்கு, டி.என்.ஏ. டெஸ்ட், பாஸ்போர்ட் வரும்வரை அங்கே தங்க ரூம் வாடகை, அதுவரைக்கும் மச்சானுக்குச் சம்பளமில்லாத லீவு. உன் ஆரம் போனது. மச்சான் பேங்க் லோனில் கழுத்துவரை இறங்கினார்.

"இதுல அந்தப் பொண்ணு கைக்கு எவ்வளவு போகுது?" என்று நீ ஒருத்திதான் கேட்டாய். "அது கான்ஃபிடென்ஷியல், டியர்" என்றான் அந்தப் போக்கத்தவன். அவளோடு நேராகப் பேசணும் என்று நீ அடம்பிடித்ததற்கும் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டுதான் நீனாவின் நம்பரைக் கொடுத்தான்.

அவளுக்கு அஞ்சாம் மாசம் நடக்கும்போது உன் தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. "நீனாகிட்ட சொல்லிடாதீங்க பாஸ், பிரஷர் ஏறிடும். மேடம் போன்ல இருந்தே யாராவது ரிப்ளை போடுங்க" என்றான். மச்சான் உன் போனைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். உனக்கு வாய்க்கரிசி போட்ட கையால் நான் போட்டேன், அக்கா. சாப்பிட்டாயா, தூங்கினாயா, பாப்பா உதைக்கிறாளா? நீ போடுகிற சிவப்பு இதயத்தைக்கூட விடவில்லை. அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது உன் பிள்ளை.

உன் மாமியார் ஊரிலிருந்து மச்சானுக்குப் போன் பண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "எவ வயித்துலயோ கெடக்குறத எதுக்குடா இழுத்துப் போட்டுக்கிற? சின்ன வயசு, வேற பொண்ணு பாப்போம்." உனக்குக் கருமாதி முடிந்த ஈரம்கூடக் காயவில்லை. கோஆர்டினேட்டர் அவளுக்கும் மேலே போனான். "வெயிட்டிங்ல வேற கப்பிள் இருக்காங்க பாஸ். குடுத்துட்டா உங்க லோனும் அடைஞ்சிடும்." காரை இன்னொருத்தன் பேருக்கு மாற்றுகிற மாதிரி சொன்னான். ஒரு வார்த்தை திட்டாமல் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

"நான் போய் எடுத்துட்டு வரேன், நான் தாய்மாமன்" என்றேன். அவன் சிரித்தான். அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போடணுமாம். நம்மில் மாமன் என்றால் காது குத்த மடி, மொட்டைக்கு மடி, சீர், சபையில் முதல் மரியாதை. அந்த ஊர்ப் பேப்பரில் மாமனுக்கு ஒரு வரிகூட இல்லை. ஆக, பிள்ளை வருவதும் வராததும் இந்த வாய் திறக்காத மனுஷன் கையில்.

போன வெள்ளிக்கிழமை மச்சான் ஃபிளாட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். உன் போன் சத்தம் கேட்டு, என்ன நினைத்தாரோ, அவரே எடுத்தார். நீனாதான், மொழிமாற்றிப் போட்டிருந்தாள். "முன்பு குரலில் பேசுவீர்கள். போனை வயிற்றில் வைப்பேன். இப்போது எழுத்து மட்டும் வருகிறது. என்மேல் கோபமா?"

அவர் படித்தார். திரும்பவும் படித்தார். அப்புறம் பட்டனை அமுக்கிக்கொண்டு நம்ம தமிழிலேயே பேசினார். "பாப்பா, அம்மா இல்லம்மா. செத்துப் போயிட்டா. அப்பா பேசுறேன். அப்பா வந்துடுறேன், சரியா?" அதற்குமேல் முடியாமல் என் தோளில் சாய்ந்துவிட்டார். நான்தான் நீனாவுக்கு அதை மாற்றி எழுதி அனுப்பினேன், முதல் தடவையாக என் பேரில்.

விஷயம் தெரிந்ததும் கோஆர்டினேட்டர் குதிக்கிறான், ஒப்பந்தத்தை மீறிவிட்டோமாம். அதற்கும் ஒரு பில் போடட்டும், போடா என்றேன். பிரசவத் தேதிக்கு டிக்கெட் எடுத்தாச்சு, மச்சானும் நானும் போகிறோம். உன் மாமியார் என்னோடு பேசுவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

நீனாவின் பதில் மறுநாள்தான் வந்தது. நீ அனுப்பின குரல் ஒன்றையும் அவள் அழிக்கவில்லையாம். பிறக்கும்வரை தினமும் வயிற்றில் வைத்துப் போடுவாளாம், வேறு குரலுக்கு அப்படி உதைப்பதில்லையாம். எல்லாவற்றையும் எனக்கே அனுப்பிவிட்டாள். பாப்பா கையில் வந்ததும் முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவேன், அக்கா. நீ பேசி முடிக்கிறவரைக்கும் நானும் மச்சானும் வாயைத் திறக்க மாட்டோம்.

உன் தம்பி,
பாப்பாவின் மாமன்
சரவணன்