முதல் பாடத்தில் ஒரு அம்மா

போனை எடுக்காதவளுக்கு,

உன் அம்மா வீட்டில் நீயும் பாப்பாவும் சுகமா? இங்கே செஞ்சியில் கோட்டைப் பாறையின் சூடு சாயங்காலமும் வீட்டுக்குள் இறங்குகிறது. ஒருவனுக்குச் சமைப்பதில் உப்பு மட்டும் பிடிபடவில்லை.

நம் இருளர் மொழியில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடப்புத்தகம் வருகிறது. எழுத ஆள் தேடி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “இன்னா சார், நீங்க இருளர்னு இத்தினி வருஷமா சொல்லவேயில்லியே?” என்று ஹெட்மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எலி வளை, ஈசல், பாம்புக்கடி மூலிகை எல்லாம் லீவில் நைனாவோடு திரிந்து கற்றது, எழுதிவிட்டேன். முதல் பாடம்தான் நிற்கிறது. அதில் ஒரு அம்மா பிள்ளையைக் கொஞ்சிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அம்மா முகமே தெரியாமல் ஹாஸ்டலில் வளர்ந்த எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. நீ பாப்பாவிடம் பேசித்தான் கேட்டிருக்கிறேன். “பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, தமிழ்ல பேசு” என்று நான் அதட்டிய நாளோடு அதுவும் நின்றது.

எழுதி அனுப்பு என்று கேட்க வாய் வரவில்லை.

அந்தப் பாடத்துக்கு வரைந்த படம் வந்துவிட்டது. வாசலில் ஒரு அம்மா வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அவள் சொல்வதை எழுத விட்ட இடம் வெள்ளையாகக் கிடக்கிறது.

அன்று அதட்டியவன்