கொடிகள் பறந்த திசை

ஹோர்ன்,
1674 மார்ச் 3

ஓவியர் யோரிஸ் ப்ரௌவர் அவர்களுக்கு, ஆலெய்தா எழுதுவது.

கடற்சண்டைப் படத்துக்கான வரைவு வந்து சேர்ந்தது. பீரங்கிச் சன்னல்களை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. ஆனால் ஒரு பிழை. இடப்பக்கம் என் கணவர் வௌட்டரின் கப்பல். வலப்பக்கம் எரிவது என் தம்பி லீவெனின் கப்பல். கொடிகளோ இடமிருந்து வலமாக, தம்பியின் கப்பலை நோக்கிப் பறக்கின்றன. அன்று என் கணவருக்கு எதிர்காற்று. அதனால்தான் தம்பியை மீட்கப் போக முடியவில்லை. நான் படித்த மடத்தில், பிழையான தையலைப் பிரிக்காமல் கன்னியர் எங்களை எழவிடமாட்டார்கள். நீங்களும் திருத்தி அனுப்புங்கள். போன குளிர்காலத்தில் மறைந்த கணவரின் நினைவாகக் கூடத்தில் மாட்டப்போகும் படம் இது.

ஆலெய்தா

ஆம்ஸ்டர்டாம்,
மார்ச் 11

மதிப்புக்குரிய அம்மா,

தங்கள் கண்ணுக்குத் தப்பி ஒரு கயிறுகூட வரைய முடியாது என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. அன்று நான் சிறு படகில் இருந்து அந்தச் சண்டையை நேரில் பார்த்து வரைந்தவன். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் உள்ளன. காற்று நான் போட்டபடிதான் அடித்தது. கொடியைத் திருப்பினால் அங்கிருந்த மாலுமிகள், "என்னய்யா, நாங்க ஒரு காத்துல சண்டை போட்டோம், நீ வேற காத்துல வரைஞ்சிருக்கியே?" என்பார்கள். வேண்டுமானால் தங்கள் கணவரின் கப்பலைப் புகையால் மூடிவிடுகிறேன். பலருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

பணிவுடன்,
யோரிஸ்

ஹோர்ன்,
மார்ச் 16

ஐயா,

புகை வேண்டாம்.

தம்பியின் இரங்கல் பூசை முடிந்த அன்று அவன் மனைவி மாக்டெல்ட் என் வீட்டில் நின்று, "காத்து உங்க வீட்டுக்காரர் முதுகுலதான் அடிச்சுது, அண்ணி. வரத்தான் மனசில்ல" என்றாள். தப்பி வந்த மாலுமி ஒருவன் அவளிடம் சொன்னதாம். "வாயை மூடிட்டு வெளிய போடி" என்றேன். எட்டு வருஷமாகக் கோயிலிலும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

என் கணவர் அந்த எதிர்காற்றைப் பற்றி அடிக்கடி சொல்வார். ஒருமுறைகூட நான் கேட்டதில்லை, அவராகவே சொல்வார்.

படத்தை உள்ளபடி வரையுங்கள். அது என் கூடத்துக்கு அல்ல, மாக்டெல்ட் வீட்டுக்கு. அவள் ஏற்பாளா என்று தெரியாது. வரைவைத் திருப்பி அனுப்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் புறப்படுகிறேன். வானம் இருட்டுகிறது. தாள் நனையக் கூடாது.

ஆலெய்தா