பணிவுடன் டிமாண்ட் செய்கிறேன்

இன்று காலைச் செய்தித்தாளில் அரைப்பக்கத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் வேலை விளம்பரம். விரிவுரையாளர், பதிவாளர் அலுவலக எழுத்தர், நூலக உதவியாளர். கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டிய பிறகுதான் உறைத்தது, போன மாதம் பாரிஸில் நீ இறந்துவிட்டதாக உன் தம்பி எழுதியிருந்தது. நீ இருந்தாலும்தான் என்ன, இந்த வயதில் உனக்கு யார் வேலை தருவார்கள்? கைப்பழக்கம், அவ்வளவுதான்.

1962இல் நாம் இருவரும் வேலை தேடிக்கொண்டிருந்தோம். பிரெஞ்சில் படித்துத் தேறிய நமக்குப் புதுச்சேரி அலுவலகங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷுக்கு மாறிக்கொண்டிருந்தது பெரிய அடி. பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று வீட்டுக்கு வீடு பேச்சு. உன் அண்ணன் பிரான்ஸ் என்று முடிவெடுத்துவிட்டார்.

"எனக்குப் போவப் புடிக்கலடி. கப்பல் ஏறதுக்குள்ள வேலை கெடச்சா நீ இங்கயே இருன்னு அண்ணன் சொல்லுது" என்றாய்.

அப்போதுதான் எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் பிரெஞ்சு தெரிந்த உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. உனக்காகவே வந்ததுபோல இருந்தது. மனுவை நான் எழுதினேன். முதலியார்பேட்டையில் மூன்று மாதம் இங்கிலீஷ் டியூஷன் போய்த் தலைக்கனம் ஏறியிருந்த நேரம். பிரெஞ்சில் பணிவாகக் கேட்பதற்கும் 'தெமாந்தே' என்றுதானே சொல்வோம்? இங்கிலீஷிலும் அப்படித்தான் என்று நம்பி, 'இந்தப் பணியை மிகப் பணிவுடன் டிமாண்ட் செய்கிறேன்' என்று எழுதிவிட்டேன்.

"ஏண்டி, இந்த வார்த்த சரிதானா? யாரையாவது கேட்டுடலாமே."

"இங்கிலீஷ் எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?" என்று உன் வாயை அடைத்தேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். போய்வந்த மறுநாள் கடற்கரையில் உட்கார்ந்து சொன்னாய். "ஒரு சாரு அந்த வரியச் சத்தமாப் படிச்சாரு. இது மனுவா, வக்கீல் நோட்டீஸான்னாரு. எல்லாருக்கும் சிரிப்பு. இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளுதான் வேணுமாம். யாரு எழுதனதுன்னாங்க, நான்தான்னுட்டேன்."

"என் பேரச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, நாளைக்கு நீ மனு போட்டாலும் தள்ளிடுவாங்க. நீயாவது போ."

உன் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இரண்டு மாதத்தில் நீ கப்பல் ஏறினாய்.

மறுவருஷம் அதே இடம் மறுபடி காலியானது. இந்த முறை விஷயம் தெரிந்தவரிடம் காட்டித் திருத்தி, எனக்கென்று மனு போட்டேன். உன் மனுவைச் சத்தமாகப் படித்த அதே ஆள்தான் எதிரே இருந்திருக்கிறார். என் ஊரைப் பார்த்ததும், "போன வருஷம் உங்க ஊர்லேருந்து ஒரு பொண்ணு வந்து வேலைய டிமாண்ட் பண்ணிட்டுப் போச்சு" என்றார். மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எழுதியது நான்தான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். கிடைத்த செய்தியை எழுதியபோது, 'நானே அங்க இருக்கற மாதிரி இருக்குடி' என்று பதில் போட்டாய். அதைப் படித்தபின் மிச்சத்தை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. எத்தனையோ கடிதங்கள் போட்டோம், ஒன்றிலும் எழுதவில்லை. நீ படிக்க முடியாத இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

அவர்கள் உன்னை நினைத்துச் சிரித்தபோது, நானும் சேர்ந்து சிரித்தேனடி.