காலில் கட்டுவது, இடுப்பில் கட்டுவது

14 ஒக்., செவ்வாய். பீலெஃபெல்ட். தூறல்.

இல்லை, வெட்கமாக இல்லை. இடுப்புத்தான் வரவில்லை.

பெலி டான்ஸ் மாலை வகுப்பு, இரண்டாம் வாரம். பழக்குபவர் நயீமா, அல்ஜீரியாக்காரி. இன்று ஒரு பக்க இடுப்பைத் தூக்கிப் போடுதல். முழங்கால் தளர்வாக, மேலுடல் அசையாமல். எனக்குப் பதினாறு வருடப் பரதம். தாளம் கேட்டதும் பாதம் விரிகிறது, அரைமண்டியில் இறங்குகிறேன், இடுப்பு பூட்டிக்கொள்கிறது.

"உட்காரப் போகிறாயா, ஆடப் போகிறாயா?" நயீமா, ஜேர்மனில்.

இன்னொன்று. இடுப்பில் கட்டும் சால்வை, விளிம்பில் தகரக் காசுகள். கட்டுமுன் கண்களில் ஒற்றிக்கொண்டேன். சலங்கைப் பழக்கம். யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

16, வியாழன். வெயில், ஆனால் குளிர்.

பால். சவர்க்காரம். நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். பல் தீட்டும்போதும் பயிற்சி: வலது பரவாயில்லை, இடது கல்.

வீடியோ ரீச்சரிடம் போய்விட்டது. எனக்குப் பரதம் பழக்கியவர். சனிக்கிழமைகளில் அவருடைய சின்ன வகுப்பை நான்தான் நடத்துகிறேன், ஒன்பது பிள்ளைகள். போனில்:

"சலங்கைக்குச் செய்யிறதை அந்தத் துணிக்குச் செய்தனீங்களோ, பிள்ளை?"

"ஓம் ரீச்சர்."

"பிழை எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி இனிச் சின்னாக்களுக்கு நீங்கள் பழக்க ஏலாது."

சனி வரை தவணை.

காலில் கட்டுவதைக் கண்ணில் ஒற்றலாம். இடுப்பில் கட்டுவதை ஒற்றக் கூடாதாம். எந்த அளவுகோல்?

அம்மா: "ஒரு மன்னிப்புக் கேட்டா வாய் தேஞ்சு போமோ?"

தேயும்.

அந்த ஒன்பது பேரின் பெயரையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஆதிராவுக்கு இப்போதுதான் முழங்கால் விரியத் தொடங்கியது.

18, சனி. மழை.

மண்டபத்தில் ரீச்சர் எனக்கு முன்பே. என் இடத்தில், கையில் தட்டுக்கழியோடு. கதவடியில் பெற்றோர் சிலர்.

"என்ன முடிவு?"

"பிழை எண்டு சொல்ல மாட்டன், ரீச்சர்."

"அப்ப நான் பழக்கிறன். நீங்கள் போகலாம்."

போகவில்லை. சப்பாத்தைக் கழற்றினேன். கடைசி வரிசையில், ஆதிராவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, உங்களை அடுத்த வகுப்புக்கு ஏத்தேல்லையோ?"

"ஓமடி, ஏத்தேல்லை."

கழி சற்று நேரம் ஓங்கியபடியே நின்றது. பிறகு தட்டியது.

அரைமண்டி இருந்தேன். தட்டடவு எட்டையும் பிள்ளைகளோடு செய்து முடித்தேன்.