நிலைக்கதவில் ஒரு பொட்டு

2004 மார்ச், வெள்ளி

மாடி வீட்டில் இருக்கும் யூதரான ரோசா அம்மாவின் கதவில் யாரோ சிவப்புச் சாயத்தால் "யூதர்களே, வெளியேறுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவனைத் தேட ஒருவருக்கும் அவசரமில்லை. கட்டடப் பொறுப்பாளர் மட்டும் 'போன்ஜூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக்கொண்டு எங்களிடம் வந்தார். எங்கள் வாசல் நிலையில் இருக்கும் சிறு பேழையை நாங்கள் கழற்றிவிட வேண்டுமாம். இங்கே முன்பு குடியிருந்த யூதர்கள், தங்கள் வேத வசனத்தை உள்ளே வைத்துப் பொருத்திய பேழை அது.

"உங்களையும் யூதர் எண்டு பிழையா நினைச்சிடுவினம்" என்றார். ரோசா அம்மாவின் கதவில் எழுதியதில் பிழை ஏதும் இல்லை போலும்.

ஏழு வருடமாக வெள்ளிதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பவள் என் மனைவி. "சாமியைக் கழட்டட்டாமோ? அந்தாளுக்கென்ன விசரோ?" என்றாள்.

மத்தியானம் ரோசா இறங்கி வந்தார். தன் பேழையைக் கழற்றிக் கைப்பையில் வைத்திருந்தார்.

"ஏன் அன்ரி கழட்டினனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

ரோசா எங்கள் வாசல் நிலையில் இருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தார். "பொட்டு வைச்சா யூதர்ட எண்டு ஒருத்தரும் நம்பமாட்டினம். என்ரைக்கும் ஒண்டு வைச்சு விடன்."

மனைவி சிரிக்கவில்லை. சந்தனம் எடுக்க உள்ளே போனாள். அவ்வளவு நேரமும் நான், எங்கள் பேழையைக் கழற்ற எடுத்த ஸ்குரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி நின்றேன்.